பிரிக்காத கட்டு

ஆஸ்பத்திரிச் சம்பளச் சீட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் அறையில் நின்று நின்றே வயசு போனதில், நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் வாசலில் ஆட்டோ போட்டிருக்கிறவர்களுக்கும் அவள் கட்டக்கா ஆகிவிட்டாள். வீட்டில் சண்டை முற்றினால் புருஷனும் அந்தப் பெயரைத்தான் எடுப்பார். "போதும் கட்டக்கா, உன் வாய்க்கும் ஒரு கட்டுப் போட்டுக்க."

கட்டக்கா என்று பேரே தவிர, அவள் வேலையில் கட்டுவது கால்வாசி, பிரிப்பது முக்கால்வாசி. காய்ந்து ஒட்டிப்போன துணியில் உப்புநீரை ஊற்றி ஊறவைக்க வேண்டும். ஓரத்திலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். உரிக்கும்போது நோயாளி திட்டுவான், அதைக் காதில் வாங்கக் கூடாது. புண்ணைப் பார்த்து, முகர்ந்து, துடைத்து, மருந்து வைத்து மறுபடி கட்டி அனுப்பினால், மறுநாள் அதே ஆள் அதே காலோடு வருவான். மறுபடி பிரிக்க வேண்டும். "ரெண்டு நாள் விட்டுடுங்கக்கா, ஆறட்டும்" என்று கெஞ்சுபவர்களிடம் அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "மூடி வச்ச புண்ணு திருட்டுப் பூனை மாதிரி. சத்தமே இருக்காது, உள்ள சட்டியைக் காலி பண்ணிடும். நீட்டுங்க காலை."

இப்போதெல்லாம் இதைச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கணுக்கால் இரண்டும் செருப்பின் வாரை மீறிப் பிதுங்கியிருக்கும். வீட்டுக்குள் போகாமல் நேராகக் கொல்லைக்குப் போய், மாமரத்தடியில் கிடந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பாள். அவளுடைய நாளில் யாருக்கும் கொடுக்காத நேரம் அது ஒன்றுதான்.

அந்த வருஷம் முதல் மழை பெய்த மறுநாள், அந்தக் கல்லிலிருந்தும் எழுப்பிவிட்டார்கள்.

"அண்ணி, கொஞ்சம் எந்திரிங்க. டேப்பு அந்தக் கல்லு வரைக்கும் வரணும்" என்றான் கொழுந்தன். கூடவே ஒரு மேஸ்திரி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீடு அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது. பாகம் பிரித்தது போன வருஷம்தான். முன்பக்கம் அண்ணனுக்கு, கொல்லை தம்பிக்கு. கொல்லையில் கொழுந்தன் தனக்கென்று வீடு கட்டப் போகிறான் என்பது அவளுக்குத் தெரியும். மரம் அதில் எங்கே நிற்கும் என்று மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைத்துப் பார்க்க நேரமும் இருந்ததில்லை.

"மரம்?" என்று கேட்டாள்.

"மரத்தை வச்சுக்கிட்டுக் கட்டினா நடுக்கூடத்துல நிக்கும் அண்ணி. வர்றவங்க எல்லாம் சட்டையைக் கழட்டி அதுல மாட்டலாம்" என்று சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து, "மழை முடிஞ்சப்புறம்தான் வேலை. அதுவரைக்கும் கை வைக்க மாட்டேன்" என்றான். கெட்டவன் இல்லை. வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு படும் பாடு அவளுக்கும் தெரியும்.

அந்த மரத்தைப் பற்றி யாருக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதுசு. கால் புண் ஆறிப்போன ஒரு கிழவர் நன்றிக்கு ஒரே ஒரு மாம்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மாமியார், மாமனார், புருஷன், கொழுந்தன் என்று பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நாக்குக்கூட நனையாது. அவள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. எல்லோரும் உள்ளே இருந்த நேரம் பார்த்து, இந்தக் கல்லில் உட்கார்ந்து, முழுப் பழத்தையும் தானே தின்றாள். சாறு முழங்கை வரை வழிந்தது. கொட்டையை மண்ணில் எறிந்து மிதித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அது முளைத்தது. "காக்கா போட்டிருக்கும்" என்றாள் மாமியார். மரமாகிக் காய்த்தபோதும் காக்கா போட்ட மரம் என்றுதான் பெயர். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் மாம்பழம் எல்லாம் முடிந்த பிறகுதான் அது பழுக்கும். பார்வைக்கு ஒன்றும் இருக்காது, பழுத்தாலும் தோல் பச்சைதான். உள்ளே நல்ல மஞ்சளாக, கொட்டைக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் புளிப்போடு இருக்கும். எந்தக் கடையிலும் அந்த ருசி கிடையாது. எந்தத் தோட்டத்திலிருந்தும் வந்ததில்லை, ஒரே ஒரு மரம். மற்றவர்களுக்காகவே ஓடிய வாழ்க்கையில், அவள் தனக்கென்று செய்த ஒரே காரியம் அங்கே நின்று காய்த்துக்கொண்டிருந்தது. அது போகப்போகிறது.

"கடையில கிடைக்காத பழமா?" என்றார் புருஷன். அவர் பெயிண்டர். சாரத்தில் ஏறி ஏறி முழங்கால் தேய்ந்து, இப்போது கதவு ஜன்னலுக்கு மட்டும் கூப்பிட்டால் போகிறார். "அவ்வளவு ஆசைன்னா கொட்டையைப் போட்டு வளர்த்துக்க வேண்டியதுதானே. மரத்தடியில அத்தனை கன்னு முளைச்சுக் கெடக்கு."

"கொட்டையில வர்றது அதோட பிள்ளைங்க. அதே பழம் வேணும்னா அதோட கிளையே வேணும். ஒட்டுக் கட்டணும்."

"பிள்ளை அம்மா மாதிரி இருக்காதா?"

"உங்க தம்பி உங்கம்மா மாதிரியா இருக்கார்?"

பெயிண்டர் கொஞ்சம் யோசித்தார். "வாயி மட்டும்" என்றார்.

ஒட்டுக் கட்டுவது எப்படி என்று அவள் செல்போனில்தான் பார்த்தாள். முகம் தெரியாத ஒருவரின் இரண்டு கைகள் மட்டும் வரும் வீடியோ. பஸ்ஸில் நின்றுகொண்டே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒரு அசட்டுத் தைரியம் வந்தது. வெட்டு, கட்டு, அவ்வளவுதானே. இதைத்தானே காலமெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தாள்.

நேரம் தோதாகத்தான் இருந்தது. மழை தொடங்கிக் காற்றில் ஈரம் இருக்கும்போதுதான் ஒட்டுப் பிடிக்குமாம். வெயில் காலத்தில் குச்சி கூடுவதற்கு முன்பே காய்ந்துவிடும். மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளில் பென்சில் தடிமன் வந்தவற்றை வேரோடு பெயர்த்து, புருஷனின் காலி பெயிண்ட் டப்பாக்களில் அடியில் ஓட்டை போட்டு ஏற்கெனவே நட்டிருந்தாள். பெரிய மரத்தில் பூக்காத கிளைகளாகப் பார்த்து, கன்றின் தடிமனுக்குச் சரியான நுனிகளைத் தேர்ந்தாள். அவற்றை உடனே வெட்டக் கூடாது. இலைகளை மட்டும் கத்தரித்துக் காம்பை விட்டுவிட வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காம்புகள் தொட்டதும் உதிரும், நுனி மொட்டு உப்பிக்கொண்டு வரும். அதுதான் பதம். மொட்டு விரிந்துவிட்டால் பிரயோசனமில்லை.

பதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, மருந்துக்கடையில் வாங்கிய புது பிளேடோடு உட்கார்ந்தாள். கன்றின் தலையை ஒரு சாண் உயரத்தில் வெட்டினாள். வெட்டுக்குக் கீழே இரண்டு மூன்று இலைகளை விட்டாள். தண்டை நடுவே விரல்நீளம் பிளந்தாள். நுனிக்குச்சியின் அடியை இருபுறமும் சீவி ஆப்பு மாதிரி ஆக்கி, பிளவுக்குள் இறக்கினாள். பட்டைக்கு அடியில் மெல்லிசாக ஒரு பச்சைத் தோல் இருக்கிறது. குச்சியின் பச்சையும் கன்றின் பச்சையும் ஒரு பக்கமாவது ஒன்றையொன்று தொட வேண்டும். உயிர் அந்தத் தோலில்தான் இருக்கிறது, நடுவில் இருப்பது வெறும் கட்டை. பிறகு பிளாஸ்டிக் நாடாவைக் கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றினாள். அந்தக் கட்டைப் பார்த்தால் எந்த டாக்டரும் குறை சொல்ல முடியாது. மேலே குச்சி மறையும்படி ஒரு நீளமான பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, அடியில் முடிந்து, டப்பாக்களை நிழலில் வரிசையாக வைத்தாள்.

"ஆபரேஷன் சக்சஸா?" என்றார் பெயிண்டர்.

"போகப் போகத் தெரியும்."

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். கால் வலித்தது. ஆனாலும் கல்லில் உட்காரவில்லை. முதல் டப்பாவின் முன்னால் குந்தி, உறையைக் கழற்றி, நாடாவைப் பிரித்து, குச்சியைக் கொஞ்சம் அசைத்து உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். சீழ் இல்லை. நிறம் மாறவில்லை. முகர்ந்துகூடப் பார்த்தாள், பச்சை வாடைதான் வந்தது. திருப்தியாக மறுபடி கட்டினாள். ஒவ்வொரு டப்பாவாக இப்படியே. மறுநாளும் பிரித்தாள். அதற்கு மறுநாளும். புது நாடா, சுத்தமான கை, ஒரு குறை கிடையாது. அந்த வாரக் கடைசியில் குச்சிகள் எல்லாம் கறுத்துச் சுருங்கிப்போயின.

என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. மொட்டு முற்றவில்லையோ? பிளேடு மழுங்கலோ? மறுபடி இலை கத்தரித்து, காத்திருந்து, மிச்சமிருந்த கன்றுகளில் பாதியில் மறுபடி கட்டினாள். இந்தத் தடவை இன்னும் கவனம். காலையில் வேலைக்குப் போகும் முன்னும் ஒரு தரம் பிரித்துப் பார்த்தாள். அவை முன்னதைவிடச் சீக்கிரம் செத்தன.

"பரவால்ல, கஷ்டப்படாமப் போயிடுச்சு" என்றார் பெயிண்டர். அவள் முறைத்ததும் எழுந்து முன்பக்கம் போய்விட்டார்.

மழைக்காலம் பாதி போயிருந்தது. நல்ல கன்றுகளில் மிஞ்சியது மூன்று. மரத்தில் தாழ்ந்த கிளை ஒன்றில், கடைசி முயற்சிக்கென்று சில நுனிகளின் இலைகளை மட்டும் நறுக்கி விட்டிருந்தாள். அந்த மொட்டைக் குச்சிகளைப் பார்க்கும்போதே அவளுக்கு அலுப்பாக இருந்தது. இதுவும் சாகும், எதற்கு இந்த வேலை என்று தோன்றியது. ஆனால் விடவும் மனசு வரவில்லை.

கட்டு மாற்றும் அறைக்கு அடுத்தது மாவுக்கட்டு அறை. நடுவில் கதவில்லாத ஒரு வாசல்தான். அங்கே எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப்போடுகிறவரை எல்லோரும் மாவு என்றுதான் கூப்பிடுவார்கள். முழங்கை வரை எப்போதும் வெள்ளைப் பூச்சு, காதுமடலில்கூட. அவளைவிட மூத்தவர், ஆனாலும் அவருக்கும் அவள் கட்டக்காதான். மத்தியானம் இரண்டு பேரும் அந்த வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

"ஒரு வாரமா மூஞ்சி சரியில்லையே" என்றார் மாவு. "வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"மாங்கன்னுக்கு" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வெட்டினது, கட்டினது, தினமும் பிரித்துப் பார்த்தது, செத்தது.

மாவு டீ டம்ளரைக் கீழே வைத்தார். "தினமுமா?"

"பின்ன? உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க வேணாமா?"

"எனக்கு மரம் செடி எதுவும் தெரியாது. எங்க வீட்ல வச்ச மணிபிளான்ட்டே செத்துப்போச்சு" என்றார் மாவு. "ஒண்ணு மட்டும் கேக்கறேன். அதோ உட்கார்ந்திருக்கானே, சைக்கிள்ல போய் பஸ்சைப் பார்த்து ஹலோ சொன்னவன், அவன் கையை நேத்துக் கட்டினேன். எலும்பு கூடுதான்னு தினம் உடைச்சுப் பார்த்தா, கூடுமா?"

"அது எலும்பு."

"நீ பண்ணது மட்டும் என்ன? ரெண்டு துண்டைச் சேர்த்து வச்சுக் கட்டியிருக்க. அது புண்ணா, முறிவா?"

 டீ ஆறிக்கொண்டிருந்தது. வீடியோவில் அந்தக் கைகள் நாடாவைச் சுற்றி முடித்ததும், 'நுனி தளிர்க்கும் வரை தொட வேண்டாம்' என்று ஒரு வரி வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அது கட்டுப் போட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு, விவரம் தெரியாதவர்களுக்கு என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

"உன் ரூம்ல திறக்கலன்னா கெட்டுப்போகும். என் ரூம்ல திறந்தா கெட்டுப்போகும்" என்று மாவு எழுந்தார். "இத்தனை வருஷமா நடுவுல கதவில்லாம உட்கார்ந்திருக்கோம், இது தெரியலையே உனக்கு."

அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை குச்சி பதம் வந்துவிடும், மூன்றையும் கட்டலாம், கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். தெருமுனையிலேயே வெளிச்சம் வித்தியாசமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் வானம் அதிகமாக இருந்தது.

மரம் விழுந்து கிடந்தது. அடிமரத்தைத் துண்டு போட்டு முடித்து, ஆட்கள் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். கிளைகள் கொல்லை முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. இலைகள் இன்னும் வாடவில்லை.

"ஆளுங்க இன்னைக்குத்தான் கிடைச்சாங்க அண்ணி" என்றான் கொழுந்தன். அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "விட்டா அடுத்த மாசம்தான் வருவாங்களாம். அண்ணன்கிட்டச் சொன்னேன்."

அவள் புருஷனைப் பார்த்தாள். பெயிண்டர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, துவைக்கிற கல்லை ஒரு கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார். "கட்டையை உருட்டறப்ப கல்லு உடைஞ்சிடப் போகுதேன்னு நகர்த்தறேன்" என்றார். 

அவளுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார இடமில்லை. கோபப்படலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பில்லை. கைப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினாள். தாழ்ந்த கிளை எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. முள் இல்லாத மரம்தான், ஆனாலும் முழங்கையெல்லாம் கீறியது. பால் பட்டுப் பொசுக்கியது. ஆயிரம் இலை மூடிய குச்சிகளுக்கு நடுவே மொட்டைக் குச்சிகளைத் தேடினாள். முதலில் ஒன்று அகப்பட்டது. காம்பைத் தொட்டாள். உதிர்ந்தது.

"என்ன தேடறீங்க அண்ணி?" என்று கொழுந்தனும் வந்தான். சொன்னதும் அவனும் குனிந்தான். மேல் கிளைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். பலதும் நசுங்கியிருந்தன. நல்லதாக நாலு கிடைத்தன. அவற்றை ஈரத்துணியில் சுற்றி, இருட்டும் முன் வாசல்படியில் உட்கார்ந்து மூன்று கன்றுக்கும் கட்டினாள். மிச்சம் ஒன்றைக் கொழுந்தன் கையில் வைத்திருந்து, பிறகு எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

காலையில் எழுந்ததும் அவள் கை தானாக முதல் டப்பாவின் முடிச்சுக்குப் போனது. பழகின கை சும்மா இருக்குமா. பாதி முடிச்சை அவிழ்த்த பிறகுதான் சுரணை வந்தது. இழுத்து முடிந்துவிட்டு, மூன்று டப்பாவையும் ஒரு கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

"இது உங்க கேஸ்" என்று மாவுக்கட்டு அறையின் பின்ஜன்னல் ஓரம் இறக்கினாள். அங்கே நேர்வெயில் வராது. கட்டு நனைக்கும் தொட்டி பக்கத்தில் இருந்ததால் எப்போதும் ஈரம். "நான் வந்து கேட்டாலும் தொட விடாதீங்கண்ணே."

மாவு குனிந்து கட்டுகளைப் பார்த்தார். "கட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல" என்றார். கட்டுப்போட்டவுடன் நோயாளிகளுக்குச் செய்வதுபோலவே, காதிலிருந்த பேனாவை எடுத்து ஒவ்வொரு டப்பாவின் மேலும் அன்றைய தேதியைப் போட்டார். "இதைத் தாண்டி உள்ள கைய விட்டா, அந்தக் கையை நானே முறிச்சு நானே கட்டுவேன். ஒரே ரூம்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்."

பிறகு நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, எதுவும் நடக்கவில்லை என்பதுதான் கஷ்டம். அவள் பிரித்தாள், துடைத்தாள், கட்டினாள். இந்தப் பக்கம் ஒவ்வொரு புண்ணும் தினம் தன் சமாசாரத்தைச் சொல்லியது. அந்தப் பக்கம் மூன்று டப்பாவும் வாயை மூடிக்கொண்டு நின்றன. குட்டி போட்ட பூனை மாதிரி அவள் அந்த வாசலுக்கும் இந்த மேஜைக்கும் நடந்தாள். வேரில் தண்ணீர் ஊற்ற மட்டும் மாவு அனுமதித்தார், அதுவும் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. "நோயாளிக்குச் சாப்பாடு குடுக்கலாம். கட்டைத் தொடக் கூடாது."

வீட்டில் கொல்லைப்பக்கக் கதவைத் திறந்தால் குழியும் கம்பியும் தெரிந்தன. அவள் அதைத் திறப்பதையே விட்டுவிட்டாள். சாயங்காலம் வந்ததும் நேராக உள்ளே போய்ச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துக்கொண்டாள். பெயிண்டர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது அவருக்கும் ஒரு வேலையாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு குச்சி உறைக்குள்ளேயே கறுத்தது. அதைத் தொடாமலே தெரிந்தது. அப்புறம் ஒருநாள், இரண்டாவது டப்பாவில் பச்சையாக ஒரு தளிர். அவள் மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தளிர் கட்டுக்குக் கீழே இருந்து கிளம்பியிருந்தது. அது கன்றின் சொந்தத் தளிர். விட்டால் வேர் கொடுப்பதையெல்லாம் அதுவே குடித்துவிடும், மேலே இருப்பது பட்டினியில் சாகும். வீடியோவில் அதையும் சொல்லியிருந்தார்கள். இந்த வரியை அவள் தாண்டவில்லை.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் மாவு.

"நல்லாத்தான் இருக்கு. நம்மளுது இல்ல" என்று கட்டைவிரலால் அதை நசுக்கி எடுத்தாள். இத்தனை நாள் காத்திருந்து கண்ட முதல் பச்சையைத் தன் கையாலேயே கிள்ளிப்போட வேண்டியிருந்தது. அன்று பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், தூங்கவில்லை.

மாவுதான் கடைசியில் அவளைக் கூப்பிட்டார். அவள் ஒரு சர்க்கரை நோயாளியின் குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கட்டக்கா, அந்தக் காலை முடிச்சுட்டு வா. அவசரமில்ல."

அவள் முடித்துவிட்டுத்தான் போனாள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மூன்றாவது டப்பாவில், உறைக்குள் ஆவி பிடித்திருந்தது. அதற்குப் பின்னால், கட்டுக்கு மேலே, குச்சியின் நுனி மொட்டு பிளந்து, செம்புநிறத்தில் நாலைந்து இலை, ஈரம் காயாத பட்டாம்பூச்சி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது டப்பா, கீழ்த்தளிரைக் கிள்ளிய சில நாளிலேயே கறுத்துவிட்டிருந்தது. 

"பிரிக்கலாமா இப்ப?" என்று மாவு கேட்டார், அவளைச் சோதிப்பது போல.

"உறையை மட்டும் எடுக்கலாம். கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"தேறிட்ட" என்றார்.

அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரம்மா, "என்னம்மா இது, அடிபட்ட செடியா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் கட்டக்கா. அதற்கு மேல் விளக்கத் தெம்பில்லை.

வீட்டு முன்பக்கம், வாசலுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு மண் இருந்தது. இத்தனை நாள் பெயிண்டரின் ஏணியும் பழைய டப்பாக்களும் அடைத்துக்கொண்டிருந்த இடம். இப்போது அது காலியாக இருந்தது. ஏணியைக் காணோம். நடுவில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி. குழிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்.

"தம்பி பிடிச்சான், ரெண்டு பேருமா உருட்டிக்கிட்டு வந்தோம்" என்றார் பெயிண்டர். படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உடனே நட வேணாம், கொஞ்சம் வேர் பிடிக்கட்டும். குழி ஆறணும்னு அவன்தான் சொன்னான். அவனும் வீடியோ பார்க்கறான்."

அவள் டப்பாவைக் குழி ஓரத்தில் நிழலாக வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தாள். கல் கொஞ்சம் ஆடியது.

"காய்க்க எத்தனை வருஷம் ஆகும்?" என்றார்.

"கொட்டையில வந்தா ஏழு எட்டு. ஒட்டுன்னா மூணு நாலு வருஷத்துல காய்க்கும்."

"மூணு நாலுன்னா இருந்து தொலைக்கலாம்." செம்பு இலைகளை எட்டிப் பார்த்தார். "இந்தத் தடவையாவது வீட்ல எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு குடு."

அவள் நிமிர்ந்தாள்.

"காக்கா போட்டதுன்னு எங்கம்மா சொல்லும்" என்றார் பெயிண்டர், முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தாமலே. "நான் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். காக்கா இதே கல்லு மேல உட்கார்ந்து, புடவை நுனியில வாயைத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு."

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

 கொல்லைப்பக்கம் மேஸ்திரியின் ஆட்கள் கம்பியை வளைக்கும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றி, வீங்கிய கால் இரண்டையும் வெட்டிப் போட்ட ஈரமண்ணில் புதைத்து வைத்துக்கொண்டாள். மண் சில்லென்றிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் அந்த முடிச்சு இருந்தது. அவள் கையை நீட்டவில்லை.